வேரின் உட்பகை

உருளைக்கிழங்கு செழித்து வளரும் மலைச்சரிவில், ஓரிடத்துச் செடிகள் மட்டும் குன்றி நிற்பதுண்டு. சுற்றிலும் உள்ள செடிகள் பசுமையுடன் தழைத்திருக்க, இவை நண்பகல் வெயிலில் வாடித் தலை சாய்க்கின்றன. இலைகள் மஞ்சள் நிறம் அடைகின்றன. உழவர் எருவிட்டுப் பார்க்கின்றார், நீர் பாய்ச்சிப் பார்க்கின்றார், பயன் இல்லை. கிழங்கு அகழும் காலத்தில் கோலிக்குண்டு அளவினவே கிடைக்கின்றன. பின்வரும் ஆண்டுகளில் அக்குன்றிய வட்டம் விரிந்துகொண்டே செல்கின்றது. இதன் காரணம் வானத்தில் இல்லை. எருவிலும் நீரிலும் இல்லை. மண்ணின் கீழ், வேரினுள்ளே மறைந்திருக்கின்றது.

அத்தகைய செடியொன்றை மெல்லப் பெயர்த்தெடுத்து வேரை உற்று நோக்கினால், குண்டூசியின் தலையினும் சிறிய உருண்டைகள் சில ஒட்டியிருக்கக் காணலாம். அவற்றுட் சில வெண்ணிறம் உடையவை. சில பொன்னிறம் உடையவை. அவை விதைகள் அல்ல, மண்கட்டிகளும் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பெண்புழுவின் உடல். அப்புழுவே முட்டைக்கூடு நூற்புழு எனப்படுவது. புறத்தே தாக்கும் பூச்சியைக் கண்ணாற் கண்டு விலக்கலாம். உள்ளே புகுந்து உறவுபோல் அமர்ந்து உயிர்ச்சத்தைக் கவரும் இதனையோ எளிதில் அறிதல் இயலாது. ஆதலின் இதனை வேரின் உட்பகை என்பது பொருந்தும்.

புழுவின் வரலாறும் வடிவமும்

உருளைக்கிழங்கின் தாயகம் தென்அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். அதனைத் தாக்கும் இந்நூற்புழுவின் தாயகமும் அதுவே. கிழங்கு கடல் கடந்து ஐரோப்பாவிற்குச் சென்றது. கிழங்கோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் புழுவும் உடன் சென்றது. ஜெர்மனி நாட்டு ராஸ்டாக் நகரின் பெயரால் அமைந்த இதன் சிற்றினப் பெயரை 1923ஆம் ஆண்டில் வோலன்வெபர் என்னும் அறிஞர் இட்டார். இக்காலத்தில் இது குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ் என வழங்கும். இதன் உடன்பிறப்புப் போன்ற குளோபோடெரா பல்லிடா என்னும் மற்றொன்று 1973ஆம் ஆண்டில் தனியினமாகப் பிரித்தறியப்பட்டது. முன்னதன் பெண்புழு முதிரும்போது பொன்னிறம் பெறும். பின்னதன் பெண்புழு வெளிறிய வெண்ணிறத்தில் நிற்கும்.

முட்டையினின்று வெளிவரும் இளம்புழு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. நூலிழையை ஒத்த அதன் உடலுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. ஆயினும் வாயினுள்ளே கூரிய ஊசி ஒன்று உண்டு. அவ்வூசி உள்ளே துளையுடையது. மருத்துவர் மருந்தேற்றும் ஊசியைப் போன்றது. உணவுக்குழலை அடுத்து மூன்று சுரப்பிகள் உள்ளன. வயிற்றுப்புறமாக இரண்டும், முதுகுப்புறமாக ஒன்றும் அமைந்துள்ளன. ஊசியும் இம்மூன்று சுரப்பிகளுமே புழுவின் படைக்கலங்கள். இவற்றைக் கொண்டு அப்புழு தன்னினும் பன்மடங்கு பெரிய செடியை எவ்வாறு வெல்கின்றது? விடை, புழுவின் உயிரணுக்களில் அடங்கிய மரபணுக்களில் உள்ளது.

சுவடியும் படியும்

மரபணுக்களைப் பெரியதோர் ஏட்டுச்சுவடிக்கு ஒப்பிடலாம். சுவடியில் ஓலைகள் பல. ஒவ்வோர் ஓலையிலும் ஒரு பொருளை ஆக்கும் முறை எழுதப்பட்டுள்ளது. அச்சுவடியே டி.என்.ஏ. எனப்படும் நீண்ட இழை. அதன்கண் உள்ள ஓலைகளே மரபணுக்கள். பல்லிடா இனத்தின் சுவடியில் 16,000க்கு மேற்பட்ட ஓலைகள் உள்ளன.

சுவடி உயிரணுவின் கருவினுள் காக்கப்படுகின்றது, வெளியே செல்வதில்லை. ஒரு பொருள் வேண்டப்படும்போது உரிய ஓலை மட்டும் படியெடுக்கப்படுகின்றது. அப்படியே ஆர்.என்.ஏ. எனப்படும். அது கருவை விட்டு வெளியேறி, உயிரணுவின் பணிக்களத்தை அடைகின்றது. ஆங்கு அதிற் கண்டவாறு புரதம் ஆக்கப்படுகின்றது. ஓலை படியாகி, படி பொருளாகும் இந்நிகழ்ச்சியே மரபணு வெளிப்பாடு.

சுவடியில் ஓர் ஓலை இருத்தல் வேறு. அது படிக்கப்படுதல் வேறு. தோலில் உள்ள உயிரணுவும் சுரப்பியில் உள்ள உயிரணுவும் ஒரே சுவடியை உடையனவே. எனினும் தோலில் சில ஓலைகளும் சுரப்பியில் வேறு சில ஓலைகளும் படிக்கப்படுகின்றன. அதனால் அவற்றின் தொழில் வேறுபடுகின்றது. இடத்தைப் போலவே காலமும் கருதத்தக்கது. இன்று விரியும் ஓலை நாளை மூடப்படலாம். நூற்புழுவின் வன்மை, ஓலைகளைப் பெற்றிருப்பதில் மட்டும் இல்லை. உரிய ஓலையை உரிய காலத்தில் உரிய சுரப்பியில் விரிப்பதிலேயே உள்ளது.

உறக்கமும் விழிப்பும்

பெண்புழு இறந்தபின் அதன் தோல் தடித்து, கெட்டியான கூடாக மாறுகின்றது. அக்கூட்டினுள் பல நூறு முட்டைகள் உள்ளன. ஒவ்வொரு முட்டையிலும் ஓர் இளம்புழு சுருண்டு கிடக்கின்றது. அம்முட்டையில் உள்ள நீர்மத்தில் டிரெகலோசு என்னும் சர்க்கரை செறிந்துள்ளது. அதனால் புழுவின் உடலில் நீர் குறைந்து, இயக்கம் ஒடுங்கி, உறக்கநிலை எய்துகின்றது. இந்நிலையில் அது 20 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிருடன் இருக்கவல்லது. தந்தை காலத்தில் நிலத்தில் வீழ்ந்த கூடு மகன் காலத்தில் தீங்கு விளைத்தல் இதனாலேயாம்.

அருகில் உருளைக்கிழங்குச் செடி வேர் விடும்போது வேரினின்று சில பொருள்கள் கசிந்து மண்ணீரிற் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று சோலனோஎக்லெபின் என்பது. அணுவளவே இருப்பினும் இதன் ஆற்றல் பெரிது. வேர்க்கசிவு பட்டதும் முட்டை ஓட்டின் தன்மை மாறுகின்றது; உள்ளிருந்த சர்க்கரை வெளியேறுகின்றது; நீர் உட்புகுகின்றது. உறங்கிய புழு அசைகின்றது. அதுகாறும் மூடியிருந்த ஓலைகள் பல அப்போது விரிகின்றன. வயிற்றுப்புறச் சுரப்பிகள், பின்னர் வேண்டப்படும் புரதங்களை முன்னரே ஆக்கிச் சேர்த்து வைக்கின்றன. பின்னர்ப் புழு தன் ஊசியால் முட்டை ஓட்டைக் குத்திக் கிழித்து வெளியேறுகின்றது.

இவ்விழிப்பில் புழுவிற்கு இடரும் உண்டு. வெளிவந்த இளம்புழு வேரை அடையும்வரை உணவு கொள்வதில்லை. உடலிற் சேமித்த கொழுப்பையே செலவிடுகின்றது. அது தீருமுன் வேரை அடையாவிடின் இறப்பது உறுதி. ஆதலின் காலமல்லாக் காலத்தில் விழிக்கும் புழு தன் அழிவைத் தானே தேடிக்கொள்கின்றது.

மதிலைக் கடத்தல்

செடியின் ஒவ்வோர் உயிரணுவிற்கும் சுவர் உண்டு. செல்லுலோசு என்னும் நார்ப்பொருளாலும், அதனைப் பிணைக்கும் பெக்டின் முதலிய பொருள்களாலும் அச்சுவர் ஆகியது. விலங்குகளுட் பெரும்பாலான, செல்லுலோசைச் சிதைக்கும் நொதியைத் தாமே ஆக்கும் திறன் இல்லாதவை. புல்லைத் தின்னும் பசுவும் தன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் துணையாலேயே புல்லின் நாரைச் செரிக்கின்றது.

அங்ஙனமாயின் நூற்புழு வேரின் சுவரைக் கடப்பது எவ்வாறு? 1998ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆராய்ச்சியாளர் இதற்கு வியப்பான விடையைக் கண்டனர். செல்லுலோசைச் சிதைக்கும் நொதிக்கு உரிய மரபணு நூற்புழுவின் சுவடியிலேயே இருந்தது. அது பிற விலங்குகளின் மரபணுக்களை ஒத்திருக்கவில்லை. நுண்ணுயிர்களாகிய பாக்டீரியாக்களின் மரபணுவை ஒத்திருந்தது. நெடுங்காலத்திற்கு முன் யாதோ ஒரு பாக்டீரியாவினின்று அவ்வோலை இப்புழுவின் முன்னோரிடம் வந்து சேர்ந்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. சுவரின் பிணைப்பைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் என்னும் புரதமும் இப்புழுவில் உண்டு என்பது 2004ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

இப்புரதங்களை ஆக்குபவை வயிற்றுப்புறச் சுரப்பிகளே. வேர்நுனியின் அருகே வந்த புழு ஊசியால் இடைவிடாது குத்துகின்றது, குத்திய இடத்தில் நொதியை உமிழ்கின்றது, சுவர் நெகிழ்கின்றது. அவ்வழியே நுழைந்து, ஓர் உயிரணுவினின்று அடுத்ததற்குச் சென்று, வேரின் நடுவில் உள்ள குழாய்த் திசுவின் அருகே தனக்கு ஏற்ற ஓர் உயிரணுவைத் தேர்ந்துகொள்கின்றது. பயணம் முடிந்து புழு அமர்ந்தபின் அந்நொதிகளால் அதற்குப் பயனில்லை. அதனால் அவற்றிற்கு உரிய ஓலைகள் மூடப்படுகின்றன. வயிற்றுப்புறச் சுரப்பிகள் சுருங்குகின்றன.

பகைவன் விருந்தினனாதல்

இப்போது முதுகுப்புறச் சுரப்பியின் முறை. அது பெருத்து, வேறு வகைப் புரதங்களை ஆக்கத் தொடங்குகின்றது. இவை செடியின் காவலை மயக்குவன. உயிரணுவின் தொழிலை மாற்றுவன. தேர்ந்தெடுக்கப்பட்ட உயிரணுவிற்கும் அதன் அயலனவற்றிற்கும் இடையே உள்ள சுவர்கள் கரைந்து, பல உயிரணுக்கள் ஒன்றாகி, ஓர் உணவுக்களம் தோன்றுகின்றது. செடி தன் இலைகளில் ஆக்கிய உணவைக் கிழங்கிற்கு அனுப்பாமல் இக்களத்திற்கு அனுப்புகின்றது. இதனைச் செய்வது செடியின் சொந்த மரபணுக்களே. புழுவின் புரதங்கள் செடியின் சுவடியிலும் சில ஓலைகளை விரிக்கவும் சிலவற்றை மூடவும் செய்துவிடுகின்றன. தன் கையாலேயே தன் பகைவனை ஊட்டும் நிலையைச் செடி அடைகின்றது.

உணவு நிரம்பக் கிடைப்பின் புழு பெண்ணாக வளர்கின்றது, குறையுமாயின் ஆணாகின்றது. பெண்புழு பருத்து, வேரைப் பிளந்து வெளியே புடைத்து, ஆணுடன் கூடி, முட்டைகளை உள்ளடக்கியவாறே இறந்து கூடாகின்றது. ஒரு கூட்டில் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கலாம். இவை அனைத்தும் மறுமுறை ஒரு வேரின் கசிவிற்காகக் காத்துக் கிடக்கின்றன.

இவ்வோலைகள் பருவந்தோறும் மாறி விரியும் முறையை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 2014ஆம் ஆண்டில் பல்லிடா இனத்தின் முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. முட்டை, இளம்புழு, வேரினுள் வளரும் பெண்புழு, ஆண்புழு எனப் பல பருவங்களில் எவ்வெம்மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன என்பதும் அப்போது ஆராயப்பட்டது. ராஸ்டோகியென்சிஸ் இனத்தின் தொகுதி 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஓர் அரிய செய்தி புலப்பட்டது. முதுகுப்புறச் சுரப்பியில் விரியும் ஓலைகள் பலவற்றின் தொடக்கத்தில் ஏ, டி, ஜி, சி, சி, ஏ என ஆறெழுத்துக் கொண்ட குறியொன்று மிகுதியாகக் காணப்பட்டது. சுவடியைப் பயில்வோர் வேண்டிய ஓலையை எளிதில் எடுத்தற்கு அடையாளம் இட்டு வைப்பர். அதனைப் போன்றது இக்குறி. அடையாளம் அறியப்பட்டமையால், அதுவரை அறியப்படாதிருந்த வேறு படைக்கலங்களையும் தேடிக் காண வழி பிறந்தது.

படியை அழித்தல்

ஓர் ஓலை விரிவதனால்தான் புழு வேரினுள் நுழைகின்றது என்பதற்குச் சான்று யாது? அவ்வோலையை விரியாமற் செய்து, புழுவின் திறன் குறைகின்றதா என்று பார்த்தலே தக்க சான்று. 1998ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்கு உரிய முறையை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்ததும் ஒரு நூற்புழுவே. ஆனால் அது பயிரைத் தாக்காது, மண்ணில் பாக்டீரியாவை உண்டு வாழும் தீங்கற்ற இனம். ஒரு மரபணுவின் படியை ஒத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் புழுவினுட் செலுத்தினால், அம்மரபணுவின் படிகளை உயிரணு தானே தேடி அழித்துவிடுகின்றது. மூல ஓலை சிதையாமல் இருக்கும். படி மட்டும் பணிக்களத்தை அடையாது. இக்கண்டுபிடிப்பிற்காக அவ்விருவருக்கும் 2006ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையைப் பயிர் நூற்புழுவில் கையாளுதற்குத் தடை ஒன்று இருந்தது. வேரை அடையாத இளம்புழு எதனையும் உண்பதும் இல்லை, பருகுவதும் இல்லை, அதனுள் ஆர்.என்.ஏ.வைப் புகுத்துவது எவ்வாறு? இங்கிலாந்து நாட்டு லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆக்டோபமைன் என்னும் பொருளைக் கரைசலிற் கலந்து, இளம்புழுக்களைப் பருகச் செய்தனர். இது 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

2005ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து, நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ராஸ்டோகியென்சிஸ் இனத்தின் இளம்புழுக்களை இத்தகைய ஆர்.என்.ஏ. கரைசலில் ஊறவைத்தனர். செல்லுலோசைச் சிதைக்கும் நொதியின் படி அழிக்கப்பட்ட புழுக்கள் வேரினுள் நுழையும் திறனிற் குறைந்தன. தலையில் உள்ள உணர்வுறுப்பிற்கு உரிய மற்றொரு மரபணுவின் படி அழிக்கப்பட்ட புழுக்கள் வேரைத் தேடி அடைவதிலேயே தளர்ந்தன. மரபணு இருந்தும் அது வெளிப்படாவிடின் புழு வலியற்றது என்பது ஐயமின்றி விளங்கிற்று.

செடியின் காவல்

புழுவிற்குச் சுவடி இருப்பதுபோலச் செடிக்கும் சுவடி உண்டு. அதிற் காவல் ஓலைகளும் உண்டு. 1952ஆம் ஆண்டில் எல்லன்பி என்னும் ஆங்கில அறிஞர் ஆண்டீஸ் மலைப்பகுதியின் உருளைக்கிழங்கு வகைகளுட் சில இப்புழுவை எதிர்த்து நிற்பதை எடுத்துக் காட்டினார். அத்தகைய கிழங்கிற் கண்ட காவல் மரபணு எச்-1 எனப் பெயர் பெற்றது. இம்மரபணு உள்ள வேரில் புழு நுழைவதுண்டு. ஆனால் அது அமைக்க முயலும் உணவுக்களத்தைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன. தன் உடலின் ஒரு சிறு பகுதியைத் தானே இழந்து, பகைவனைப் பட்டினியில் ஆழ்த்துகின்றது செடி.

1966ஆம் ஆண்டில் எச்-1 மரபணுவுடைய மாரிஸ் பைப்பர் என்னும் வகை இங்கிலாந்தில் வெளியிடப்பட்டது. அதனை உழவர் பெரிதும் விரும்பிப் பயிரிட்டனர். பொன்னிற நூற்புழு ஒடுங்கியது. ஆனால் பகை ஒழிந்துவிடவில்லை. எச்-1 மரபணு பல்லிடா இனத்தைத் தடுக்கும் வலிமை இல்லாதது. ஆதலின் ஓரினம் ஒடுங்கிய நிலங்களில் மற்றோரினம் பெருகத் தலைப்பட்டது. ஒரே காவலனை நம்பிக் கோட்டையை விடுதல் தகாது என்பதை இது காட்டுகின்றது.

நீலகிரியில் இப்பகை

இந்தியாவில் இந்நூற்புழு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1961ஆம் ஆண்டில், நீலகிரி மாவட்டத்து உதகமண்டலத்தில். இங்கிலாந்து நாட்டு நூற்புழு அறிஞர் ஜோன்ஸ் என்பார் இதனைக் கண்டு வெளிப்படுத்தினார். அங்கு இரண்டு இனங்களும் உள்ளன. நீலகிரியின் விதைக்கிழங்கு பிற பகுதிகளுக்குச் செல்லாதவாறு அரசு தடை விதித்தது. முத்தோரையில் உள்ள மைய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இப்புழுவைப் பற்றிய ஆய்வு நடைபெற்று வருகின்றது. இரண்டு இனங்களையும் எதிர்க்கவல்ல குஃப்ரி சுவர்ணா என்னும் வகை 1985ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

பின்னர் இமயமலைப் பகுதியிலும் இப்புழு காணப்பட்டது. 2018ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேசம், உத்தரகண்டம், சம்மு காசுமீரம் ஆகிய பகுதிகளின் விதைக்கிழங்கு பிற பகுதிகளுக்குச் செல்வதை மைய அரசு தடை செய்தது. விதைக்கிழங்கு விற்று வாழும் உழவருக்கு இத்தடை பெருந்துன்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கிழங்கில் ஒட்டிய சிறிது மண்ணே மற்றொரு மலையின் நிலத்தைப் பல்லாண்டுக் காலம் கெடுக்கப் போதுமானது. புழு தானாக ஊர்ந்து செல்லும் தொலைவு மிகச் சிறிது. நெடுந்தொலைவு அதனைக் கொண்டு செல்பவர் மனிதரே. கிழங்கிலும், கருவியிலும், காலணியிலும், வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணே அதன் ஊர்தி.

அறிந்து வெல்லுதல்

புழுவின் வாழ்வில் ஒவ்வொன்றும் காலம் தவறாமல் நிகழ்தல் வேண்டும். அக்காலத்தை அறிந்தவர் அதனைக் குலைக்கவும் வல்லவர். உழவர் பண்டுதொட்டுச் செய்துவரும் பயிர்ச்சுழற்சியும் இத்தகையதே. முட்டைக்கோசு, காரட், பூண்டு முதலியவற்றை இடையிடையே பயிரிட்டால், புழு உண்ணத்தக்க வேர் நிலத்தில் இல்லை. ஆண்டுதோறும் முட்டைகளுள் ஒரு பகுதி பயனின்றி அழிந்து, தொகை குறைகின்றது. இங்கிலாந்தில் கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்த முட்செடி ஒன்றைப் பொறிப்பயிராக வளர்க்கின்றனர். அதன் வேர்க்கசிவு உறங்கும் புழுவை எழுப்புகின்றது. ஆனால் அதன் வேரில் புழு இனம் பெருக இயலாது. விருந்து என்று எழுந்து வந்த புழு பசியால் மாய்கின்றது. 2011ஆம் ஆண்டில் சப்பானிய வேதியியல் அறிஞர் சோலனோஎக்லெபினை ஆய்வுக்கூடத்திலேயே முழுமையாக ஆக்கிக் காட்டினர். செடியே இல்லாத நிலத்தில் புழுவை எழுப்பி அழித்தல் கூடும் என்னும் எண்ணத்திற்கு இஃது ஊக்கம் அளித்தது. புழுவின் படியை அழிக்கும் ஆர்.என்.ஏ.வைச் செடியே ஆக்குமாறு செய்யும் முயற்சிகளும் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன.

நஞ்சிட்டு அழித்தல் ஒன்றே வழி எனக் கருதிய காலம் உண்டு. நஞ்சு பகையை மட்டும் அழிப்பதன்று; மண்ணில் வாழும் நல்லுயிர்களையும், ஊற்று நீரையும், உழவர் உடலையும் அது கெடுக்கும். பகையின் சுவடியை எழுத்தெழுத்தாகப் பயின்று, அது எந்த ஓலையை எப்போது விரிக்கின்றது என அறிந்து, அந்நேரத்தில் அவ்வொன்றையே தடுத்தல் நுண்ணிய வழி. எனினும் ஆய்வுக்கூடத்தின் அறிவு மட்டும் நிலத்தைக் காவாது. தூய விதைக்கிழங்கையே நடுதலும், கருவியில் ஒட்டிய மண்ணைக் கழுவுதலும், ஒரே பயிரை மீண்டும் மீண்டும் இடாதிருத்தலும் உழவர் கையில் உள்ளவை. இவ்விரண்டும் ஒன்று கூடும் இடத்திலேயே வேர் காக்கப்படுகின்றது. வேர் காக்கப்படின் பயிரும், பயிரை நம்பி வாழும் குடியும் காக்கப்படும்.